டோட்டல் லாஸ் ஆன காரை நாமே வைத்துக்கொண்டு சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

கார் விபத்தில் நசுங்கியோ வெள்ளத்தில் மூழ்கியோ கம்பெனி சர்வீஸில் கிடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை டோட்டல் லாஸ் போட்டுடலாம் சார்" என்கிறார். சரிசெய்யும் செலவு அதிகம், முழு இழப்பாகக் கணக்கு முடிக்கலாம் என்று அர்த்தம். இனி இரண்டு வழி உண்டு. முழுத் தொகையை வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடலாம். இல்லையென்றால், அடிபட்ட வண்டிக்கு ஒரு விலை போட்டு, அதைக் கழித்து மீதியை வாங்கிக்கொண்டு, வண்டியை நாமே வைத்துச் சரிசெய்யலாம். பிந்தையதை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் 'நெட் ஆஃப் சால்வேஜ்' என்பார்கள். சால்வேஜ் என்றால் அடிபட்ட வண்டி.

இந்த வழிகாட்டி பிந்தைய வழிக்கானது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பெட்ரோல், டீசல் கார், அதற்கு ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான கவர்) சேர்ந்த பாலிசி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதில் பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் ஒரு ஸ்பானர் கூட எடுப்பதற்கு முன்பே விட்டிருக்கிறார்கள்: வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு. அதனால் கீழே பாதிக்கு மேல் கையெழுத்துக்கு முந்தைய வேலைகள்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

1. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம்

வெள்ள வண்டியில் இது முதல் விதி. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், செல்ஃப் அடித்த அடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் இரும்புதான் விட்டுக்கொடுக்கும். அப்படி வந்த இன்ஜின் சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லி சாதாரண பாலிசியில் நிராகரித்துவிடுவார்கள். இன்ஜின் புரொடக்‌ஷன் கவர் தனியாக எடுத்தவர்களுக்குத்தான் அதில் பாதுகாப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இந்தத் தகராறு நிறைய நடந்தது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நாலு பக்கமும், உள்ளேயும், ஓடோமீட்டர் தெரிகிற மாதிரியும் படம் எடுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்ற கறை சீக்கிரம் அழிந்துவிடும். டேப் வைத்து அளந்து அதையும் படத்தில் பதிவு செய்யுங்கள்.

2. காரைத் தொடும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

மூன்று இடங்களில் இது அடைபடும். மூன்றையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

லோன்: ஆர்சியில் ஹெச்பி (கடன் கொடுத்த பேங்கின் பெயர்ப் பதிவு) இருந்தால் செட்டில்மென்ட் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். லோன் பாக்கி அதிகமாக இருந்தால், சால்வேஜ் கழித்த தொகை முழுவதும் அங்கேயே போய், வேலைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. பாக்கி எவ்வளவு, வண்டியை நான் வைத்துக்கொள்ள ஆட்சேபணை உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கடன் தீர்ந்தால் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி ஹெச்பியை நீக்கவும் மறக்கக் கூடாது.

போலீஸ்: யாருக்காவது காயமோ உயிரிழப்போ இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அது முடியும் முன் எதையாவது கழற்றினால் வழக்கிலும் சிக்கல், கிளெய்மிலும் சிக்கல். எஃப்ஐஆர் நகலைக் கையோடு வைத்திருங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்: புதிய கார்களில் இந்தக் கவர் எடுத்திருப்பீர்கள். டோட்டல் லாஸ் ஆனால் வாங்கிய விலையை ஒட்டிய தொகை கிடைக்கும். அப்படியென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். வண்டியைக் கொடுத்துவிடுவதே உங்களுக்கு லாபம்.

3. டோட்டல் லாஸ் என்பது எப்படிக் கணக்காகிறது

வழக்கமான மோட்டார் பாலிசியில் உள்ள வாசகப்படி, வண்டியை மீட்கவும் சரிசெய்யவும் ஆகும் மொத்தச் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐடிவி என்பது உங்கள் பாலிசியில் அச்சிட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு. கார் கம்பெனியின் விற்பனை விலையில் வயதுக்கேற்பக் கழித்தது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொண்ட தொகை.

'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட்டும் சர்வேயர் ஒத்துக்கொள்ளும் தொகையும் வேறு வேறு. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானக் கழிவை நீக்கும் கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபருக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து. ஐந்திலிருந்து பத்து வருட வண்டிக்கு 40 சதவீதம். அதனால் ஒரே மாதிரி அடிபட்ட இரண்டு வண்டிகளில் ஜீரோ டெப் இருப்பது 75-ஐத் தாண்டிவிடும், இல்லாதது தாண்டாமல் நிற்கும்.

தாண்டாமல் நின்றால் உங்களுக்கு வேறு வழிகள் உண்டு: பில் போட்டு ரிப்பேர், அல்லது ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு வாங்கும் கேஷ் லாஸ். கேஷ் லாஸில் வண்டி உங்களிடமே இருக்கும், சால்வேஜ் கழிவு பெரிதாக வராது. எல்லைக்கு அருகில் இருக்கும் வண்டிகளுக்கு சில சமயம் இதுதான் நல்லது. சர்வேயரிடம் அவருடைய மதிப்பீட்டைக் கேளுங்கள். சர்வே ரிப்போர்ட் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயிலில் எழுதிக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

4. இந்த வண்டிகளைத் தொடாதீர்கள்

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சில வண்டிகள் வேண்டாம்.

தீப்பிடித்தவை. சூட்டில் தகட்டின் பலம் போயிருக்கும், வயரிங் முழுதும் சந்தேகம்.

உருண்டு கவிழ்ந்தவை. ரூஃபும் அதைத் தாங்கும் மூன்று பில்லர்களும் ஒன்றாக நகர்ந்திருக்கும். இப்போதைய கார்களில் பில்லர்கள் மிக வலுவான எஃகு. நெருப்பு வைத்துச் சூடாக்கி இழுத்தால் அந்த வலு போய்விடும். வெளியே பார்க்க நேராகிவிடும், அடுத்த விபத்தில் காகிதம் போல மடங்கும்.

டேஷ்போர்டுக்கு மேல் தண்ணீர் ஏறியவை, கடல்நீர் புகுந்தவை. உப்பு கனெக்டருக்குள் உட்கார்ந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் பழுது ஆரம்பிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் பெரிய பேட்டரி நனைந்திருந்தால் வெளி ஒர்க்‌ஷாப்பில் அதைப் பிரிக்க விடவே கூடாது. உயிர் போகிற விஷயம்.

பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டியும் வேண்டாம் என்பேன். சரிசெய்து முடித்த கையோடு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும்.

மாறாக, முன்பக்கமோ பின்பக்கமோ மட்டும் அடிபட்டு, கழற்றி மாட்டுகிற பாகங்களிலேயே சேதம் நின்றுபோன வண்டி நல்ல தேர்வு. பம்பர், பானட், ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர், கண்டென்சர், கதவு இவை கம்பெனி விலையில் சேர்ந்தால் எஸ்டிமேட் எகிறும். வெளியே செய்தால் பாதியில் முடியும். எஸ்டிமேட்டைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் ஏர்பேக்தான். இரண்டு ஏர்பேக் வெடித்தால் அதோடு டேஷ்போர்டு, இரண்டு சீட் பெல்ட், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் பட்டியலில் ஏறும்.

5. கையெழுத்துக்கு முன் பிரித்துப் பாருங்கள்

முக்கியமான படி இது. அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான். வெளியே தெரிவதை மட்டும் வைத்துப் போட்ட எஸ்டிமேட்டில் உள்ளே வளைந்த லாங் மெம்பர் (பாடியைத் தாங்கும் நீளவாக்குச் சட்டம்) இருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது பொருட்டில்லை. டோட்டல் லாஸ் ஆன பிறகு அவர்கள் மேற்கொண்டு எண்ண மாட்டார்கள். எண்ண வேண்டியது நீங்கள்.

சர்வேயரிடமும் ஒர்க்‌ஷாப்பிலும் அனுமதி கேட்டு, உங்கள் டிங்கரையும் மெக்கானிக்கையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். பிரித்துப் பார்க்கக் கூலி கேட்டால் கொடுங்கள். விட்டால் அதைவிடப் பல மடங்கு போகும். அனுமதி தரமாட்டோம் என்றால், லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கவாவது விடச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை:

முன் பம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு லாங் மெம்பர்களின் நுனியையும் ஏப்ரனையும் (முன்சக்கரத்தை ஒட்டிய உள்தகடு) பாருங்கள். தகட்டில் சுருக்கம், பெயிண்டில் வெடிப்பு, ஸ்பாட் வெல்டு பிரிந்த தடம் இருக்கிறதா? பானட்டுக்குள் இரண்டு ஸ்ட்ரட் (முன் ஷாக் அப்சார்பர்) தலைகளிலிருந்து பின்னால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தகடு) வரை குறுக்காக, எதிரெதிர் மூலைக்கு டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் பொருந்த வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாடி நகர்ந்திருக்கிறது. பெஞ்சில் ஏற்றி இழுக்கும் வசதி உள்ள இடத்தில்தான் வேலை முடியும். அந்தச் செலவு தனி.

கதவுகள் தானாகச் சரியாக மூடுகின்றனவா, கதவுக்கும் பில்லருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். கதவு பிடிக்கிறது என்றால் அடி பில்லர் வரை போயிருக்கிறது.

வெள்ள வண்டி என்றால், பெட்ரோலில் ஸ்பார்க் பிளக், டீசலில் குளோ பிளக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் முழுச் சுற்று வர வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்; ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கார்பெட்டைத் தூக்கி, கியர் கன்சோலுக்குக் கீழே பாருங்கள். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் அங்கேதான் தரையோடு உட்கார்ந்திருக்கும். "சீட் வரைக்கும் கூட தண்ணி வரலையே" என்று நிம்மதி அடைபவர்கள் இந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் ஆட்கள் பாகம் பாகமாக ஒரு பட்டியல் எழுத வேண்டும்: எது புதுசு, எது பழைய பாகம், எது ரிப்பேர், கூலி எவ்வளவு. "ரெண்டு ரெண்டரைக்குள்ள முடிச்சிடலாம்ணே" என்ற வாய்ப்பேச்சை எஸ்டிமேட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. சால்வேஜ் விலையைக் கேள்வி கேளுங்கள்

இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வண்டியை அப்படியே எடுத்துக்கொள்ள என்ன விலை வரும் என்று சால்வேஜ் வியாபாரிகளிடமோ ஆன்லைன் ஏலத்திலோ கேட்கும். அதிகபட்ச விலை எதுவோ அதைத்தான் உங்கள் தொகையில் கழிப்பார்கள். வண்டியை விட்டுவிடுபவருக்கு இந்த விலையைப் பற்றிக் கவலை இல்லை. வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு ஒவ்வொரு ஆயிரமும் கையிலிருந்து போகிறது.

ஆர்சியோடு, ஆர்சி இல்லாமல் என்று இரண்டு விதமாக விலை கேட்பார்கள். ஆர்சியோடு என்றால் விலை கூடும், ஏனென்றால் அந்த வண்டி மறுபடி சாலைக்கு வரலாம். உங்களுக்கு வேண்டியது ஆர்சியோடு உள்ள விலை. கடிதத்தில் அது தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆர்சி ரத்தான வண்டியைச் சரிசெய்து வைத்தால் அது வீட்டு வாசலில் நிற்கத்தான் ஆகும்.

விலை நம்ப முடியாத அளவு அதிகமாக இருந்தால் ஒரே கேள்வி போதும்: "அந்த விலைக்கே அவரே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு முழுத் தொகை கொடுங்கள்." விலை நிஜம் என்றால் ஒத்துக்கொள்வார்கள், நீங்களும் தப்பித்தீர்கள். விலை சும்மா ஏற்றியது என்றால் குறைய ஆரம்பிக்கும். வண்டியை வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று உங்கள் தலையில் கட்ட முடியாது. இந்தப் பேச்சையெல்லாம் போனில் பேசிவிட்டு, அன்றைக்கே மெயிலிலும் எழுதிவிடுங்கள்.

தீராத தகராறு என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் செட்டில்மென்ட்டை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். போவதாக இருந்தால் அதற்கு முன்பே போங்கள்.

7. கணக்கு: ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்

ஓர் உதாரணம். ஐடிவி 5,00,000. சர்வேயர் மதிப்பீடு 4,10,000. 75 சதவீத எல்லையான 3,75,000-ஐத் தாண்டிவிட்டது. ஆர்சியோடு சால்வேஜ் விலை 1,60,000. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நம் பங்காகக் கழிப்பது) 1,000 (அதற்கு மேல் 2,000). வண்டியை வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 3,39,000. விட்டுவிட்டால் 4,99,000. ஆக, அடிபட்ட வண்டியை நீங்கள் 1,60,000-க்கு வாங்குகிறீர்கள். "இன்சூரன்ஸ்ல மூணேகால் லட்சத்துக்கு மேல வந்துச்சு, வண்டியும் சும்மா கிடைச்சுது" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். சும்மா கிடைக்கவில்லை.

அடுத்து உங்கள் ஆட்கள் எழுதிய பட்டியல் 2,40,000 என்று வைத்துக்கொள்வோம். அதோடு 20 சதவீதம், அதாவது 48,000 சேருங்கள். பிரித்த பிறகு ஏதாவது வராமல் இருந்ததில்லை. ஆக வண்டியில் உங்கள் பணம் 4,48,000.

அதே மாடல், அதே வருடம், விபத்தில் சிக்காத வண்டி சந்தையில் 5,25,000 என்றால், சரிசெய்த விபத்து வண்டிக்கு அதில் 70 சதவீதம்தான் மதிப்பு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 3,67,500. உங்கள் 4,48,000 இதைத் தாண்டிவிட்டது. விட்டுவிடுங்கள்.

இதே வண்டிக்கு சால்வேஜ் 90,000, வேலை 2,10,000 என்றால், 20 சதவீதம் சேர்த்து 3,42,000. இது ஓடும். இந்த 70 என் சொந்த அளவுகோல். வண்டியை இன்னும் ஐந்தாறு வருடம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள், அதன் பழைய சர்வீஸ் கதை முழுவதும் தெரியும் என்றால் 80 வரை போகலாம். ஒரு வருடத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் 60-க்கு மேல் போகாதீர்கள்.

ஜீரோ டெப் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது பாகங்களின் கழிவைத்தான் நீக்கும். டோட்டல் லாஸ் ஆனால் உங்களுக்குக் கிடைப்பது ஐடிவிதான். அதில் ஜீரோ டெப் எதையும் கூட்டித் தராது.

8. கையெழுத்துப் போடும் நாள்

சம்மதக் கடிதத்தில் இவை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஐடிவி, சால்வேஜ் விலை, கட்டாயக் கழிவு, கைக்கு வரும் தொகை, 'ஆர்சியோடு உரிமையாளரே வைத்துக்கொள்கிறார்' என்ற வாசகம், ஒர்க்‌ஷாப் பார்க்கிங் கட்டணம் யார் தலையில் என்பது. தொகையை எழுதாமல் காலியாக விட்ட வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்க்கிங் கட்டணத்தைப் பலர் கடைசி நாளில்தான் கேள்விப்படுகிறார்கள். வேலை அங்கே செய்யாவிட்டால் ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் கட்டணமும், நின்ற நாட்களுக்குத் தினக் கட்டணமும் கேட்கும். முதல் நாளே விகிதத்தை மெயிலில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டியை வெளியே எடுக்கும் நாளில் பேரம் பேச உங்களிடம் எந்தப் பிடியும் இருக்காது.

பணம் கணக்கில் ஏறிய பிறகு வண்டியை ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுத்தால் உடைந்த சஸ்பென்ஷன் இன்னும் கெடும். கழற்றிய பாகங்கள், பழைய ஹெட்லைட், உடைந்த பம்பர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கெட், கிளிப், சென்சார் போன்றவை அவற்றிலிருந்துதான் வரும்.

9. வேலை நடக்க வேண்டிய வரிசை

முதலில் பாடி. அளந்து, தேவைப்பட்டால் பெஞ்சில் இழுத்து, மறுபடி அளந்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். பாடி நேராகாமல் மற்றதை மாட்டினால் எதுவும் உட்காராது. உட்கார வைக்க ஓட்டையைப் பெரிசாக்குவார்கள்.

இரண்டாவது சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், இன்ஜின், கியர்பாக்ஸ். சக்கரத்தில் அடி விழுந்திருந்தால் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், ராக் மூன்றையும் சந்தேகப்படுங்கள். இங்கேயே ஒரு தற்காலிக வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். நம் ஊர் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டுமே திருத்த முடியும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணம்) அளவு வெளியே நின்றால் அதற்கு ஸ்க்ரூ கிடையாது. புது ஸ்ட்ரட்டும் புது ஆர்மும் போட்ட பிறகும் கேம்பர் வரவில்லை என்றால் பாடி இன்னும் நேராகவில்லை, முதல் படிக்குத் திரும்ப வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு இது தெரியவந்தால் செலவு இரட்டிப்பு.

மூன்றாவது, பெயிண்ட் இல்லாமல் எல்லா பேனலையும் மாட்டிப் பார்ப்பது. பானட், ஃபெண்டர், கதவு, லைட், பம்பர் எல்லாம் மாட்டி இடைவெளிகளைப் பாருங்கள். அவசரக்கார டிங்கர்கள் இதைத் தாண்டிவிட்டு, பொருந்தாத இடத்தைப் பட்டி போட்டு நிரப்புவார்கள். தடிமனாகப் போட்ட பட்டி ஒரு மழைக்காலம் தாண்டினால் வெடிக்கும்.

நான்காவது எலக்ட்ரிக்கல். ஸ்கேனர் போட்டு எல்லாக் குறியீடுகளையும் படித்து, அழித்து, ஓட்டி, மறுபடி படிக்க வேண்டும். வெள்ள வண்டியில் ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்துச் சுத்தம் செய்து காய வைக்க வேண்டும். சீட், கார்பெட், அதன் கீழ் உள்ள ஃபோம் எல்லாம் வெளியே வர வேண்டும். ஃபோமை அப்படியே விட்டுக் கார்பெட்டை மேலே காய வைத்தால், ஈரம் அடியில் நின்று தரைத் தகட்டை அரிக்கும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் மாற்றுங்கள்.

ஐந்தாவது ஏர்பேக். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பானட்டும் கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம், நானும் வாங்கச் சொல்வேன். ஏர்பேக், சீட் பெல்ட், கன்ட்ரோல் யூனிட், பிரேக் சம்பந்தப்பட்டவை மட்டும் கம்பெனி பாகமாக, பில்லோடு இருக்கட்டும். சில இடங்களில் ஏர்பேக் மாட்டாமல், அந்த வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை ஏமாற்றிவிடுவார்கள். மூடி மட்டும் புதுசாக இருக்கும், உள்ளே காலி. மாட்டும்போது கூட நின்று பாருங்கள், பெட்டியைப் படமெடுங்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அது இன்னும் மோசம்.

கடைசியில் பெயிண்ட், பிறகு முழு அலைன்மென்ட்.

பணத்தை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கொடுங்கள். முழுவதும் முன்னால் கொடுத்த வண்டி மூலையில் தள்ளப்பட்டு, அதன் மேல் அடுத்த வண்டியின் பம்பரைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

10. இன்ஜின் எண், சேஸிஸ் எண்

இன்ஜின் பிளாக்கை மாற்றினால் புதிய எண்ணை ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தலைப்பகுதி, பிஸ்டன் மட்டும் மாற்றினால் இந்த வேலை இல்லை.

சேஸிஸ் எண் பொறித்திருக்கும் தகடு அடிபட்டிருந்தால், டிங்கர் வெட்டி எறிவதற்கு முன் நிறுத்துங்கள். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அந்தத் தகட்டை வெட்டினாலோ எண்ணைத் திரும்பப் பொறித்தாலோ வண்டி முழுதும் வீண்.

ஒருவேளை பாதியில் மனம் மாறி, உதிரி பாகமாக விற்றுவிட முடிவு செய்தால், வண்டி நிரந்தரமாகப் பயன்படாது என்று 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. காயலான் கடைக்கு ஆர்சியோடு தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தால், அந்த எண்ணில் நாளை எந்த வண்டி ஓடும் என்று தெரியாது. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதுதான் பாதுகாப்பு.

11. சாலையில் இறக்குவதற்கு முன்

டோட்டல் லாஸ் பணம் வாங்கியதும் பழைய பாலிசியின் கதை முடிந்தது. இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறதே என்று நினைத்து டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் சொத்திலிருந்து போகும். அதனால் முதல் ஓட்டத்துக்கு முன்பே தேர்டு பார்ட்டி பாலிசி எடுத்துவிடுங்கள்.

ஓன் டேமேஜ் பாலிசி வேலை முழுதும் முடிந்த பிறகு. கம்பெனி ஆள் அனுப்பியோ வீடியோ வழியாகவோ வண்டியைப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் முந்தைய கிளெய்ம் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பழைய கிளெய்ம் விவரம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பொதுவான தரவுத் தொகுப்பில் இருக்கிறது. மறைத்தால் அடுத்த கிளெய்ம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகும். நோ கிளெய்ம் போனஸ் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கும். ஜீரோ டெப் சில கம்பெனிகள் தரமாட்டார்கள். ஒன்று மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள்.

புகைச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும், அதையும் புதுப்பியுங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டி, பிறகு லிஃப்டில் ஏற்றி எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, கூலன்ட் அளவும் டயர் தேய்மானமும் பார்த்த பிறகு நெடுஞ்சாலைக்கு எடுங்கள். ஒரு பக்க டயர் மட்டும் ஓரத்தில் தேய ஆரம்பித்திருந்தால் அலைன்மென்ட் தாளை எடுத்துக்கொண்டு டிங்கரிடம் திரும்புங்கள்.

12. கோப்பு

இங்கே டோட்டல் லாஸ் ஆன வண்டி என்று ஆர்சியில் எந்த முத்திரையும் விழுவதில்லை. வெள்ள வண்டிகள் துடைத்து மெழுகி வேறு ஊரில் 'சிங்கிள் ஓனர்' என்று விற்பனைக்கு வருவது இதனால்தான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். விற்கும்போது சொல்லியே விற்கலாம், சொல்வதற்கு ஆதாரம் இருந்தால்.

சர்வே ரிப்போர்ட், செட்டில்மென்ட் கடிதம், அடிபட்ட நிலைப் படங்கள், பிரித்த பிறகு எடுத்தவை, பாடி அளவுகள், ஏர்பேக் பில், அலைன்மென்ட் தாள், ஸ்கேனர் பிரிண்ட் எல்லாம் ஒரே கோப்பில் போடுங்கள். பழைய கார் வாங்க வருபவர் கம்பெனி சர்வீஸில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டாலே விபத்து விவரம் வந்துவிடும். அவர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே கோப்பை எடுத்து நீட்டினால், பேரம் விலையைப் பற்றி மட்டும் நடக்கும்.